கோமதிக்குக் கால் எப்படி இருக்கு?

1

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறிய அன்று வழக்கம்போல மதினி போன் போட்டாள். என் அண்ணன் மனைவி, பெயர் சண்முகத்தாய். குருவிகுளத்துப் பக்கம் மானாவாரியில் பருத்தி போடுகிற வீட்டில் பிறந்தவள் என்பதால், குரல் எப்போதும் அடுத்த காட்டில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரல்தான். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் நன்றாகக் கேட்கும்.

“ஏட்டி செல்வி, கொடி ஏறிட்டு. நீ எப்ப வார?”

வர மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். ஏழு வருடமாக இதே கேள்வி, இதே பதில். இந்த முறை மட்டும், “அடுத்த ஆடிக்கு அங்கனதான் இருப்பேன் போலிருக்கு மதினி” என்று என் வாய் சொல்லிவிட்டது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மதினி பேச்சு வராமல் நின்றதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

விஷயம் இதுதான். என் வீட்டுக்காரர் முருகேசன் காற்றாலை இன்ஜினியர். எங்கள் ஊர்ப் பக்கம் காடு முழுக்க நிற்கிற காற்றாடிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவரை, அதே வேலைக்காக டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊருக்குக் கூட்டி வந்தார்கள். கூடவே நானும், அப்போது ஒன்பது வயதான மகள் யாழினியும் வந்தோம். இப்போது கம்பெனி அவரைச் சென்னைக்குத் திரும்பி வருகிறாரா என்று கேட்கிறது. கட்டாயம் ஒன்றுமில்லை. இங்கேயே இருக்கிறேன் என்றும் சொல்லலாம். ஆனால் மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும்.

“நீயே சொல்லுட்டி. நீ சொல்லுததுதான் முடிவு,” என்றார் அவர்.

அதில் நியாயம் இருக்கிறது. ஏழு வருடமாக ‘ஊருக்குப் போயிருவோம்’ என்று உயிரை வாங்கியது நான்தான். அவர் ‘சரி’ என்றதும் எனக்கு வாயடைத்துப் போயிற்று. யாழினியிடம் சொன்னோம். ‘நீங்கள் போங்கள், நான் விடுதியில் தங்கிப் படித்துக்கொள்கிறேன்’ என்று டேனிஷ் மொழியில் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் தமிழில் கேட்பதும் அவள் டேனிஷில் பதில் சொல்வதும் எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

என் புலம்பலுக்குக் குளிர்தான் காரணம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குளிருக்குக் கோட்டு இருக்கிறது. எனக்கு இங்கே ஒரு சிநேகிதி இல்லை, அவ்வளவுதான். நாற்பது தாண்டிய பொம்பளை இதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டு, குளிர் தலையில் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2

இந்த ஊர்க்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தங்கமான மனிதர்கள். தெருவில் நம் சைக்கிள் சங்கிலி கழன்றால், கை கறுப்பாவதைப் பார்க்காமல் குனிந்து மாட்டிக் கொடுப்பார்கள். மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுடைய சிநேகிதமெல்லாம் ஒன்றாம் வகுப்பிலேயே முடிவாகிவிடுகிறது. பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தவள் மாதிரி நான் வந்து நின்றேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பாலர் பள்ளியில். என் டேனிஷ் முழுக்க முழுக்க அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொடுத்தது. மூக்கைச் சிந்து, மாறி மாறி விளையாடு, அழாதே, அம்மா இப்போது வந்துவிடுவாள். இந்த மொழியை வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் என்ன பேசுவது? ஒரு தடவை வங்கியில் அதிகாரி நான்கைந்து தாள்களை என் முன்னே பரப்பிவிட்டுத் திணறியபோது, ‘நாம் முதலில் கை கழுவிக்கொள்ளலாமா?’ என்று கேட்டுவிட்டேன். அவர் உண்மையிலேயே எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். அப்படிப்பட்ட நல்ல மனிதர்கள்.

பள்ளிப் பிள்ளை ஒன்றின் அம்மா என்னைக் காப்பிக்குக் கூப்பிட்டாள். எனக்கு இரண்டு நாளைக்குத் தரையில் கால் பாவவில்லை. அவள் போனில் காலண்டரைத் திறந்து தள்ளிக்கொண்டே போனாள். இலையுதிர் காலத்தில் போய்த்தான் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. அந்தச் சனிக்கிழமையும் வந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நடுவில் கேக். அவள் ஒன்று கேட்டாள், நான் பதில் சொன்னேன்; நான் ஒன்று கேட்டேன், அவள் பதில் சொன்னாள். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி இருந்தது. ‘ரொம்ப இனிமையாக இருந்தது’ என்று சொல்லி அனுப்பினாள். அவ்வளவோடு சரி.

நகராட்சியில் எங்களைப் போல் வந்தவர்களுக்கு வழி சொல்லவென்றே ஓர் அம்மா இருக்கிறார். அவரிடம் கேட்டேன். “ஏதாவது ஒரு சங்கத்தில் சேருங்கள்,” என்றார். இங்கே எல்லாவற்றுக்கும் சங்கம் உண்டு. புறா வளர்க்கச் சங்கம், குளிர்ந்த கடலில் குளிக்கச் சங்கம், பழைய டிராக்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சங்கம். தலைவர், பொருளாளர், ஆண்டுப் பொதுக்கூட்டம் எல்லாம் முறைப்படி இருக்கும். நான் பூப்பந்துச் சங்கத்தில் சேர்ந்தேன். பூப்பந்து ஆடினார்கள். ஆடி முடித்ததும் ‘அடுத்த செவ்வாய் பார்ப்போம்’ என்று வீட்டுக்குப் போனார்கள்.

எங்கள் ஊரில் யாரும் சிநேகிதியைத் தேடிப் போய்ப் பிடித்ததில்லை. அது பாட்டுக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருத்திகூடக் கல்லூரி முடியும்வரை என் உயிர்ச் சிநேகிதியாக இருந்தாள். பிடிக்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்கு நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவு பேசுவாள்.

3

ஆடித்தபசைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று அவர்களுக்குள் சண்டை. தீர்த்து வைக்கச் சொல்லி அம்பாளிடம் போனார்கள். அவள் இருவரையும் ஒருசேரக் காண வேண்டும் என்று புன்னைவனத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் இருந்தாள். ஆடிப் பௌர்ணமியில் பாதி சிவனும் பாதி பெருமாளுமாகச் சங்கரநாராயணர் வந்து காட்சி கொடுத்தார். அந்த அம்பாள்தான் எங்கள் கோமதி. ஊரில் யாரும் நீட்டி முழக்கிச் சொல்வதில்லை. கோமதி என்றால் போதும், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

கொடி ஏறியதிலிருந்து தபசு வரைக்கும் ஜனங்கள் கோயிலைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். செருப்பில்லாமல், வேண்டிக்கொண்ட அளவுக்கு, வலமாக. அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள், அவளுக்கு வலிக்கும், அந்த வலியில் கொஞ்சத்தை நம் காலில் வாங்கிக்கொள்வோம் என்பதுதான் கணக்கு. சாமியிடம் வலியைத் தீர்க்கச் சொல்லித்தான் எல்லா ஊரிலும் போவார்கள். சாமியின் கால்வலியை வாங்கிக்கொள்ளப் போகிறவர்கள் நாங்கள்.

சுற்றும்போது எனக்குப் பிடித்தது வேறொன்று. பக்கத்தில் யாராவது ஒருத்தி வந்து சேர்ந்துகொள்வாள். மேலநீலிதநல்லூர்க்காரியாக இருக்கும், இளையரசனேந்தல்காரியாக இருக்கும். முதல் சுற்றில் மழை இல்லை என்பாள். இரண்டாவதில் மாமியாரைச் சொல்வாள். அதற்குப் பிறகு, பெற்ற தாயிடம்கூடச் சொல்லியிராத ஒன்றைச் சொல்வாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். நானும் பார்க்க மாட்டேன். இரண்டு பேருக்கும் முன்னால் யாரோ ஒருவரின் முதுகு, கல்தரையின் சூடு, எங்கிருந்தோ மேளம். பெயரே கேட்காமல் பிரிந்துவிடுவோம். எதிரெதிரே உட்கார்ந்து எனக்குப் பேச வராததற்குக் காரணம் அதுதானோ என்னவோ. ஒரே பக்கம் பார்த்து நடந்துகொண்டே பேசித்தான் எனக்குப் பழக்கம்.

மதினி போனை வைத்த பிறகு சாயங்காலம் வெளியே போனேன். இங்கே ஊர் நடுவில் ஒரு குளம் உண்டு. சுற்றிச் சரளைக்கல் பாதை, வாத்துகள், பேர் தெரியாத மரங்கள். ஆடியில் இங்கே வெயிலுக்கு வீடு திரும்ப மனசே வராது. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் தண்ணீரில் தேன் நிறத்தில் கிடக்கும். அந்த வெளிச்சத்தில் எதுவும் எந்த ஊராகவும் இருக்கலாம். வாத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் குளம் எங்கள் ஊர்த் தெப்பக்குளம் போலவும் இருந்தது.

பெஞ்சுக்கு அடியில் செருப்பைக் கழற்றி வைத்தேன். “தாயே, இந்த ஊர்ல எனக்குன்னு ஒருத்தியக் குடு. இல்லாட்டி என்னைக் கூட்டிட்டுப் போயிரு. உனக்குத் தபசு முடியிததுக்குள்ள எனக்குத் தெரியணும்,” என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன்.

4

குளத்தைச் சுற்றி ஓடுகிறவர்கள் எல்லோரும் இடமாகத்தான் ஓடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் வலமாக வந்தேன். அதனால் ஊரே எனக்கு எதிரே வந்தது. முதல் சுற்றில் தலையை ஆட்டினார்கள். அடுத்த சுற்றில் என் காலைப் பார்த்தார்கள். அதற்கடுத்த சுற்றில் வானத்தைப் பார்த்தார்கள். யாழினி தன் கூட்டாளிகளோடு சைக்கிளில் வந்தவள், தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு அவர்களை வேறு பாதையில் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் வயதில் நானும் அம்மாவைப் பார்த்து ஒளிந்தவள்தான்.

இரண்டாம் நாள் பெஞ்சில் ஒருத்தி உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். தெரிந்த முகம். எங்கள் ஊர்ப் பேருந்தை ஓட்டுகிறவள். ஐம்பதை ஒட்டிய வயது, குட்டையாக வெட்டிய முடி. ஏழு வருடமாக அவள் பேருந்தில்தான் வேலைக்குப் போகிறேன். ஏறும்போது ‘ஹை’ என்போம். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. பெயர் இங்கர் என்பதுகூட அப்புறம்தான் தெரியும்.

அவள் பேசுவது யூலாந்து என்கிற இந்தப் பகுதியின் நாட்டுப்புறத்து டேனிஷ். தலைநகர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்களாம். அதனால் அவள் பேசியதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் கேட்டது.

“ஏம்மா, செருப்பு எங்க? யாரும் வீட்ட விட்டு வெரட்டிட்டாவளா?”

“இல்ல. கோமதிக்காவ நடக்கேன்.”

“அது யாரு?”

“எங்க ஊரு. ஒத்தக் கால்ல நிக்கா. நான் நடந்தா அவளுக்கு வலி குறையும்.”

பாலர் பள்ளி மொழியில் நேர்த்திக்கடனை இவ்வளவுதான் சொல்ல முடியும். சாமி என்பதை நான் வேண்டுமென்று விடவில்லை. கோமதியைச் சாமி என்று யாருக்கும் எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை.

இங்கர் என் காலைப் பார்த்தாள். சிகரெட்டை அணைத்தாள். எழுந்து என்னோடு நடக்க வந்தாள். அவள் எல்லோரையும் போல இடமாகச் சுற்றப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து வலமாகத் திருப்பினேன். பாலர் பள்ளிப் பிள்ளைகளை விட்டால், இந்த நாட்டில் நான் உரிமையாகப் பிடித்த முதல் கை அது.

மறுநாள் காலையில் பேருந்தில் ஏறினேன். ‘ஹை’க்குப் பதிலாக, “கோமதிக்குக் கால் எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“நிக்கா,” என்றேன்.

“டாக்டர்ட்ட காட்டலியா?”

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தேன். அவள் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வந்துவிடுவாள். பூட்ஸைக் கழற்ற மாட்டாள். அதை நான் கேட்கவுமில்லை. சில சுற்றுகள் ஒன்றுமே பேச மாட்டோம். தண்ணீரில் மரங்கள் தலைகீழாக எங்களோடு நடந்து வரும். எந்த ஊரில் நடக்கிறேன் என்பதே மறந்து, அடுத்த திருப்பத்தில் பூக்கட்டுகிற கடை வரும் என்று காலே எதிர்பார்த்துவிடும். திருப்பத்தில் வாத்து நிற்கும்.

ஒரு நாள் கேட்டாள். “எதுக்கு நிக்கணும் அவ? உக்கார வேண்டியதுதான?”

“அண்ணனையும் புருசனையும் ஒண்ணாப் பாக்கணும்னு நிக்கா.”

பெருமாள் அம்பாளுக்கு அண்ணன் முறை. நான் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் கிடையாது.

இங்கர் நின்றுவிட்டாள். “ரெண்டு பேருக்கும் ஆகாதா?”

“அவங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. சுத்தி இருக்கவங்கதான் யாரு பெரிசுன்னு அடிச்சுக்கிடுதாங்க.”

மறுபடி நடக்க ஆரம்பித்தாள். அப்புறம் சொன்னாள், முன்னால் பார்த்துக்கொண்டே. அவளுடைய அண்ணனும் புருஷனும் கூட்டாக ஒரு மீன்பிடிப் படகு வைத்திருந்தார்கள். என்னமோ தகராறு. படகை விற்றார்கள். இவள் யார் பக்கமும் பேசாமல் நடுவில் நின்றாள். புருஷன் பிரிந்து போனான். அண்ணன் வடக்கே ஒரு ஊருக்கு வீடு மாற்றிக்கொண்டு போனவன்தான். அதற்குப் பிறகு பேச்சு வார்த்தையே இல்லை.

“நானும் நின்னுதான் பாத்தேன்,” என்றாள் இங்கர். “எனக்காவ யாரும் நடக்கல.”

எனக்கு அவள் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை. இங்கே எதற்கு எவ்வளவு தொடலாம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்துவிட்டாள் என்று தெரிந்தது. கண்ணில் பட்ட வாத்துக்கெல்லாம் சொல்ல வேண்டும் போல அவ்வளவு சந்தோஷம்.

5

தபசுக்கு முந்தின நாள் இங்கர் ஒரு காகிதப் பையைக் கொடுத்தாள். உள்ளே கம்பளி நூலில் கையால் பின்னிய காலுறை. நல்ல சிவப்பு, கெட்டிப் பின்னல். ஒன்றே ஒன்று.

“கோமதிக்கு. நின்னுக்கிட்டே இருந்தா பாதம் சில்லுன்னு ஆயிரும்லா. ஒண்ணு போதும்னு ஒண்ணுதான் பின்னுனேன். தப்பா நெனைக்க மாட்டால்லா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர், கால் எப்படி இருக்கு என்ற விசாரிப்பு, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து என் தலையில் குட்டின. இவளுக்குக் கோமதி ஒரு பொம்பளை. சங்கரன்கோவிலில் கால் போய், ஒற்றைக் காலில் வாசலில் நின்று, அண்ணனும் புருஷனும் சேர்ந்து வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்தி.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அதற்குள் நாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். பேருந்தில் இங்கர் சொல்லிக் கேள்விப்பட்டாராம். தானும் நாளைக்கு நடக்க வரலாமா, இந்தக் ‘கோமதி நடை’க்குத் தலைவர் யார், நகராட்சியில் பதிந்தாயிற்றா என்று விசாரித்தார். அவர் ஏற்கனவே இரண்டு சங்கத்துக்குப் பொருளாளராம்.

வீட்டில் காலுறையை மேசைமேல் வைத்துக் கதையைச் சொன்னேன். முருகேசன் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது.

“ஏட்டி, பாவி, தபசு இருந்த அம்பாளைக் கால் ஒடிஞ்சவளா ஆக்கிட்டியே!”

யாழினி சிரிக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். காலுறையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். அப்புறம் ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசினாள்.

“நீ சொல்லணும்மா. இங்க ஏமாத்துனா அவங்களுக்குப் பிடிக்காது. விலகிப் போயிட்டா அப்புறம் திரும்ப வரவே மாட்டாங்க.”

“நான் ஏமாத்தலட்டி.”

“அது உனக்குத் தெரியும். அவங்களுக்கு?”

காலுறையைக் கொண்டுபோய் அடுக்களை அலமாரியில் கோமதி படத்துக்கு முன்னால் வைத்தேன். அவளுக்கென்று வந்தது, வேறே எங்கே வைக்க? கைப்பிடிச் சுவர்த் தொட்டியில் பூத்திருந்த ரோஜாவில் ஒன்றைக் கிள்ளி மேலே வைத்தேன். நாளைக்குச் சொல்லிவிடு என்று அவளைப் பார்த்து எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமாக இருந்தது. ஏழு வருடத்தில் ஒன்றே ஒன்றாகக் கிடைத்தது, ஒரு வாரத்தில் போய்விடுமோ என்று நிஜமாகவே பயமாக இருந்தது.

6

தபசு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அங்கே சாயங்காலம், இங்கே மத்தியானம். இங்கரும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் டேனிஷ் சொற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதினி வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள்.

திரை முழுக்கத் தலைகள். எங்கேயோ இருந்து நாதஸ்வரம், ஐஸ் வண்டி மணி. தபசு மண்டபத்துக்கு முன்னால் ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. மதினி ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் சொருகிய பையில் தன் காட்டுப் பருத்தியை வைத்திருந்தாள். காட்சி கொடுக்கிற நேரத்தில் சம்சாரிகள் தங்கள் வெள்ளாமையை அம்பாளை நோக்கி அள்ளி வீசுவார்கள்.

“ஏட்டி, தெரியிதா? நல்லாத் தெரியிதா? அந்தா வாரான் பாரு சங்கரநாராயணன், ரிஷபத்துல!”

இங்கர் என் தோளோடு ஒட்டிக்கொண்டு திரைக்குள் தலையை நீட்டினாள். “இதுல கோமதி எங்க?”

நான் விரலை வைத்துக் காட்டினேன். தங்கச் சப்பரத்தில் மாலைகளுக்கு நடுவே தவக்கோலத்தில் நின்றாள். அந்தக் கணத்தில் ஜனத்திடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பருத்தியும் மிளகாயும் கதிரும் வானத்தில் பறந்தன. மதினி வீசிய பருத்தி திரையை ஒரு கணம் வெள்ளையாக மறைத்துவிட்டு விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இவளா?” என்றாள் இங்கர்.

“இவதான்.”

“இது செலை.”

“சாமி.”

“கால் போனவ இல்ல.”

“இல்ல. நீ அப்படி நெனச்சேன்னு நேத்துத்தான் எனக்கு வெளங்குச்சு.”

அவள் தள்ளி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்தாள். “பஸ்ல ஏறுதவுக அத்தனை பேர்ட்டயும் சொன்னேன்,” என்றாள். அப்புறம் எழுந்து நடந்து போனாள். இடமாக.

“யாருட்டி அந்த வெள்ளக்காரி? ஏன் எந்திச்சுப் போறா? சண்டையா?” என்று மதினி அங்கிருந்து கத்தினாள். பதில் சொல்லாமல் போனை அணைத்துவிட்டேன். நாய்க் கிழவர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்க்கத் தெம்பில்லாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கள்கிழமை காலையில் பேருந்துக் கதவு திறந்தது.

“ஹை,” என்றாள் இங்கர்.

“ஹை,” என்றேன்.

அவ்வளவுதான். போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தேன். ஏழு வருடமாகக் கேட்ட அதே ‘ஹை’தான். இப்போது அதைக் கேட்க முடியவில்லை. அடுத்த நாள் வேறு ஓர் ஆள் ஓட்டினார். என்னைப் பார்க்கப் பிடிக்காமல் தடத்தை மாற்றிக்கொண்டாள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் முருகேசனிடம், “சென்னைன்னே எழுதிருங்க,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “மாசக் கடைசிக்கு நாள் இருக்கு. எழுதுவோம்,” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனார்.

7

புதன்கிழமை வாசல் மணி அடித்தது. பார்சல்காரர் என்று நினைத்துத் திறந்தால் இங்கர் நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டாள். நான் அடுக்களைப் பக்கம் திரும்பியதும் பின்னாலேயே அங்கே வந்து நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள் மாதிரி ஆரம்பித்தாள்.

“நான் அவளுக்காவ அழுதேன் தெரியுமா? வீட்ல உக்காந்து பின்னும்போது அழுதேன். ஒருத்தி நெசமாவே நிக்கான்னு நெனச்சேன்.”

“எங்களுக்கு அவ நெசம்தான்,” என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போது அவள் கண் அலமாரிக்குப் போயிற்று. படம். படத்துக்கு முன்னால் சிவப்புக் காலுறை, அதன்மேல் அன்றைக்குக் காலையில் நான் மாற்றி வைத்திருந்த பூ. கிட்டே போய்ப் பார்த்தாள்.

“இத ஏன் இங்கன வச்சிருக்க?”

“அவளுக்குன்னு தந்தேல்லா. அவகிட்டத்தான் குடுக்கணும்.”

இங்கர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் டீ போட்டேன். கை வேலையில் இருந்தால் அழுகை வராது.

பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “கோவத்துல வீட்டுக்குப் போயி படுத்தேன். ஒறக்கம் வரல. அந்த வீடியோவுல எத்தனை சனம்! ஒரு செலைக்குக் கால் வலிக்கும்னு அத்தன பேரு செருப்பில்லாம நடக்காவ. எனக்கு ஒரு போன் போட முடியல. அதான் நேத்து லீவு போட்டுட்டு எங்க அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல்ல, யாரு பேசுததுன்னு கேட்டான். சொன்னேன். பேசல. வச்சிட்டான்னு நெனச்சேன். வைக்கல. வியாழக்கிழமை வாரேன்னு சொல்லிட்டேன். சரின்னான்.”

நான் அவளுக்கு எதிரே இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“போவியா?”

“போவணும். நாலு மணி நேரம் வண்டி. ஓட்டுதது எனக்கு ஒரு பெரிய காரியமா? ஆனா அவன் வீட்டு வாசல்ல போயி நிக்கணுமே. இப்பவே கால் நடுங்குது.” முதல்முறையாக என் பக்கம் திரும்பி முகத்தைப் பார்த்தாள். “ஏட்டி, எனக்காவச் சுத்துவியா?”

அவள் வாயில் ‘ஏட்டி’ என்ற சொல் வரவில்லை என்று எனக்கும் தெரியும். அப்படித்தான் கேட்டது. நான் அழுதுவிட்டேன். தலையை ஆட்டினேன்.

மறுநாள் வேலை முடிந்து நேரே குளத்துக்குப் போனேன். செருப்பைப் பெஞ்சுக்கடியில் விட்டேன். இந்நேரம் பாதி வழி போயிருப்பாள், இந்நேரம் அந்த ஊருக்குள் திரும்பியிருப்பாள் என்று அவள் கூடவே மனசும் போய்க்கொண்டிருந்தது. மழை தூறி ஓய்ந்த சரளைக்கல் பாதத்தில் குத்தியது. வெளிச்சம் அப்படியே கிடந்தது. அவள் ஒரு வாசலுக்கு முன்னால் நிற்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது; அந்த வீட்டை நான் பார்த்ததே இல்லை.

எத்தனையாவது சுற்று என்று தெரியாது. முருகேசன் வந்து பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்.

“தபசுதான் முடிஞ்சிட்டே. இன்னும் யாருக்கு நடக்க?”

“இங்கருக்கு.”

அவர் கொஞ்ச தூரம் வந்தார். நின்று, ஷூவையும் காலுறையையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி வந்து சேர்ந்தார். கல் குத்த, ‘யம்மா’ என்று முனகினார். ஒரு சுற்று முடிந்தது.

“அப்ப, சென்னைக்கு வரலன்னு எழுதிருதேன்,” என்றார்.

“ம்,” என்றேன். கால் நன்றாக வலித்தது.